"பில் பாஸ் ஆயிடுச்சாமே!": அமெரிக்க மசோதாவை நாமே படித்துப் புரிந்துகொள்ள ஒரு வழிகாட்டி

2025 மே 20 வாக்கில், இரவு ஒன்பது மணி இருக்கும். எங்கள் அபார்ட்மென்டில் கீழ்வீட்டு அக்கா கதவைத் தட்டினார். கையில் போன், முகத்தில் பதற்றம். "தம்பி, இனிமே ஊருக்குப் பணம் அனுப்பினா நூறு டாலருக்கு அஞ்சு டாலர் வரி பிடிச்சிருவாங்களாமே? பேங்க்ல இருக்கிறத எல்லாம் இன்னிக்கே அனுப்பிடட்டுமா?" என்றார். திருநெல்வேலியில் அவருடைய அம்மாவுக்கு டயாலிசிஸ் நடக்கிறது. மாதாமாதம் இங்கிருந்து போகும் பணத்தில்தான் அந்தச் செலவு ஓடுகிறது.

வாட்ஸ்அப்பில் அவருக்கு வந்த செய்தி பொய்யில்லை. அப்படி ஒரு மசோதா உண்மையிலேயே இருந்தது. ஆனால் அதன் எண் என்ன, எந்தக் கட்டத்தில் இருக்கிறது, அந்த வரி எந்தத் தேதியிலிருந்து என்ற மூன்றும் செய்தியில் இல்லை. அக்காவை உட்காரச் சொல்லிவிட்டு லேப்டாப்பைத் திறந்தேன். அன்று இரவு நாங்கள் பார்த்த வரிசையைத்தான் இங்கே எழுதுகிறேன். அமெரிக்காவுக்குப் புதிதாக வந்தவர்கள், வீட்டில் ஒருவராவது இதைப் பழகிக்கொள்ள வேண்டும் என்பது என் ஆசை. வக்கீல் படிப்பு தேவையில்லை. ஆங்கிலம் நிதானமாக வாசிக்கத் தெரிந்தால் போதும்.

முதலில், அது மசோதாதானா?

"புது சட்டம் வந்துவிட்டது" என்று வரும் செய்திகளில் பாதி மசோதாவைப் பற்றியதாகவே இருக்காது. 2025 செப்டம்பர் 19 அன்று ஹெச்-1பி என்ற வேலை விசாவுக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் என்று வந்ததே, அது அதிபர் கையெழுத்திட்ட பிரகடனம். அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸில் யாரும் ஓட்டுப் போடவில்லை. இன்னொரு வகை, அரசுத் துறைகள் கொண்டுவரும் விதிமுறைகள். அவை ஃபெடரல் ரெஜிஸ்டர் என்ற அரசிதழில் முன்மொழிவாக வெளியாகி, பெரும்பாலும் மக்கள் கருத்துக் கேட்ட பிறகு உறுதியாகும். மூன்றாவது, மாநிலச் சட்டங்கள். "ஏபி", "எஸ்பி" என்று எண்ணுக்கு முன்னால் இருந்தால் அது கலிஃபோர்னியா மாதிரி ஒரு மாநிலத்தின் சட்டமன்ற மசோதாவாக இருக்கலாம். அது கலிஃபோர்னியாவின் மசோதா, நீங்கள் இருப்பது டெக்சஸில் என்றால் உங்களுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

ஃபெடரல், அதாவது நாடு முழுவதற்குமான மசோதா என்றால் அதற்கு எண் உண்டு. பிரதிநிதிகள் சபையில், அதாவது ஹவுஸில் தொடங்கியது "ஹெச்.ஆர்." என்று ஆரம்பிக்கும். இன்னொரு சபையான செனட்டில் தொடங்கியது "எஸ்." என்று ஆரம்பிக்கும். "ஹெச்.ரெஸ்.", "எஸ்.ரெஸ்." என்று இருந்தால் அது அந்த ஒரு சபையின் தீர்மானம் மட்டுமே, சட்டமாகாது. பொங்கலுக்கோ தீபாவளிக்கோ வாழ்த்துச் சொல்லும் தீர்மானங்கள் இந்த வகைதான். நடுவில் "ஜே" சேர்ந்து "ஹெச்.ஜே.ரெஸ்." என்று வந்தால் கவனியுங்கள். அது கூட்டுத் தீர்மானம். இரு சபையும் தாண்டி அதிபரும் கையெழுத்திட்டால் சட்டத்துக்குச் சமம்.

எண் இல்லாத செய்தியை யார் அனுப்பினாலும் "எண் என்னங்க?" என்று திருப்பிக் கேளுங்கள். கேட்பதில் தப்பே இல்லை. அனுப்பியவரும் அப்போதுதான் தேட ஆரம்பிப்பார்.

பக்கத்தைத் திறங்கள்

காங்கிரஸ் டாட் கவ் (congress.gov) என்ற தளம் காங்கிரஸ் நூலகம் நடத்துவது. இலவசம், விளம்பரம் கிடையாது, பதிவு செய்யாமலேயே பார்க்கலாம். தேடும் கட்டத்தில் எண்ணைப் போடுங்கள். ஆனால் எண் மட்டும் போதாது, எத்தனையாவது காங்கிரஸ் என்பதும் வேண்டும். ஒவ்வொரு காங்கிரஸுக்கும் ஆயுள் இரண்டு வருடம். 2025 ஜனவரி 3 அன்று தொடங்கியது 119-ஆவது காங்கிரஸ். ஒவ்வொரு முறையும் எண் ஒன்றிலிருந்து புதிதாக ஆரம்பிக்கும். அதனால் "ஹெச்.ஆர். 1" என்ற பெயரில் ஒவ்வொரு காங்கிரஸிலும் வேறு வேறு மசோதா இருக்கும். பழைய காங்கிரஸின் மசோதாவைப் புதியது என்று நினைத்து நாள் முழுக்கச் சண்டை போட்ட குழுக்களை நான் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்றும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். ஒரு காங்கிரஸ் முடியும்போது நிறைவேறாமல் கிடக்கும் எல்லா மசோதாவும் அத்தோடு செத்துவிடும். அடுத்த காங்கிரஸில் யாராவது மறுபடியும் முதலிலிருந்து அறிமுகம் செய்ய வேண்டும். 99 படி ஏறியிருந்தாலும் சரி, மறுபடி தரையிலிருந்துதான்.

எந்தக் கட்டத்தில் இருக்கிறது?

இந்தியாவில் வளர்ந்த நமக்கு இங்கேதான் முதல் குழப்பம் வரும். ஊரில் மத்திய அரசு மசோதாவைத் தாக்கல் செய்தது என்றால், பெரும்பான்மை அவர்கள் கையில் இருக்கும், பெரும்பாலும் நிறைவேறிவிடும். அந்தப் பழக்கத்தில் "மசோதா தாக்கல்" என்ற செய்தியைப் பார்த்ததும் சட்டமே வந்துவிட்டதுபோல மனசு துள்ளும், இல்லையென்றால் பதறும். அமெரிக்காவில் அப்படி இல்லை. எந்த உறுப்பினரும் தனியாக ஒரு மசோதாவை அறிமுகம் செய்யலாம். இரண்டு வருடத்தில் பத்தாயிரத்துக்கு மேல் அறிமுகமாகின்றன. சட்டமாவது சில நூறுதான்.

மசோதாவின் பக்கத்தில் மேலே ஒரு பட்டை இருக்கும்: அறிமுகம், ஹவுஸ் நிறைவேற்றியது, செனட் நிறைவேற்றியது, அதிபருக்குப் போனது, சட்டமானது. எந்தக் கட்டம் வரை வந்திருக்கிறது என்று முதலில் அதைப் பாருங்கள். "அறிமுகம்" என்பதிலேயே நின்றுகொண்டிருந்தால், அது ஏதோ ஒரு கமிட்டிக்கு அனுப்பப்பட்டு அங்கே கிடக்கிறது என்று பொருள். குடியேற்றம் என்றால் ஜுடீஷியரி கமிட்டி. வரி என்றால் ஹவுஸில் வேஸ் அண்ட் மீன்ஸ், செனட்டில் ஃபைனான்ஸ். பெரும்பாலான மசோதாக்களின் கதை கமிட்டியோடு முடிந்துவிடும்.

கமிட்டியைத் தாண்டி ஹவுஸிலும் ஜெயித்துவிட்டது என்றாலும் பாதி வழிதான். செனட்டில் 100 பேர். சாதாரண மசோதாவுக்கு விவாதத்தை முடித்து ஓட்டுக்குக் கொண்டுவரவே 60 பேர் வேண்டும். வரவு செலவு சம்பந்தமான ரீகன்சிலியேஷன் என்ற ஒரு வழியில் மட்டும் சாதாரணப் பெரும்பான்மை போதும். அக்கா பயந்த மசோதா, அதாவது 119-ஆவது காங்கிரஸின் ஹெச்.ஆர். 1, அந்த வழியில்தான் வந்தது. 2025 ஜூலை 1 அன்று செனட்டில் 50-க்கு 50 என்று நின்று, துணை அதிபர் வான்ஸின் ஓட்டில் தேறியது.

அப்புறம் எல்லோரும் மறந்துவிடும் ஒன்று: இரு சபையும் *ஒரே வாசகத்தை* நிறைவேற்ற வேண்டும். ஒரு வார்த்தை மாறினாலும் மறுபடி அடுத்த சபைக்குப் போகும். கிரீன் கார்டுக்குக் காத்திருக்கும் நம் ஆட்களுக்கு இது நெஞ்சில் தைத்த பாடம். ஹெச்.ஆர். 1044 என்று ஒரு மசோதா, 116-ஆவது காங்கிரஸில். வேலை வழி கிரீன் கார்டில் எந்த ஒரு நாட்டவருக்கும் 7 சதவீதத்துக்கு மேல் இல்லை என்ற உச்சவரம்பை எடுத்துவிடும் மசோதா. 2019 ஜூலை 10 அன்று ஹவுஸில் 365-க்கு 65 என்று ஜெயித்தது. செனட்டும் 2020 டிசம்பர் 2 அன்று ஒருமனதாக நிறைவேற்றியது. அன்று எத்தனையோ வீடுகளில் கேசரி கிண்டினார்கள். ஆனால் செனட் நிறைவேற்றியது வேறு வாசகம்; புதிதாக ஹெச்-1பி விதிகளும் வேறு நிபந்தனைகளும் சேர்ந்திருந்தன. இரண்டையும் ஒன்றாக்குவதற்குள் 2021 ஜனவரி 3 வந்துவிட்டது. காங்கிரஸ் முடிந்தது, மசோதாவும் முடிந்தது. "ரெண்டு சபையும் பாஸ் பண்ணிட்டாங்க" என்ற செய்தி எழுத்துக்கு எழுத்து உண்மை. ஆனால் சட்டம் வரவில்லை.

எந்தப் பதிப்பைப் படிக்கிறீர்கள்?

ஒரு மசோதாவுக்கு ஒரு வாசகம்தான் என்று நினைக்காதீர்கள். "டெக்ஸ்ட்" என்ற பகுதியைச் சொடுக்கினால் பதிப்புகளின் பட்டியல் இறங்கும்: அறிமுகமானது, கமிட்டி திருப்பி அனுப்பியது, ஹவுஸ் நிறைவேற்றியது, செனட் திருத்தியது, இரு சபையும் ஒத்துக்கொண்ட இறுதிப் பிரதி. தேதியைப் பார்த்துக் கடைசியாக வந்ததைத் திறங்கள்.

பணம் அனுப்பும் வரியையே எடுத்துக்கொள்வோம். கமிட்டியிலிருந்து வந்த வாசகத்தில் 5 சதவீதம். மே 22 அன்று ஹவுஸ் நிறைவேற்றியபோது அது 3.5 ஆகியிருந்தது, அமெரிக்கக் குடிமக்களுக்கு விலக்கு, ஹெச்-1பி, கிரீன் கார்டு வைத்திருப்பவர்களுக்கு வரி என்ற அமைப்பு. செனட்டுக்குப் போனதும் ஆளே மாறிவிட்டது. 1 சதவீதம், குடிமகனா இல்லையா என்ற பேச்சே இல்லை. ரொக்கமாகவோ மணி ஆர்டர், கேஷியர்ஸ் செக் மாதிரியோ கொடுத்து அனுப்பினால்தான் வரி. அமெரிக்க வங்கிக் கணக்கிலிருந்தோ, இங்கே வழங்கப்பட்ட டெபிட், கிரெடிட் கார்டிலிருந்தோ அனுப்பினால் வரி இல்லை. ஜூலை 4 அன்று அதிபர் கையெழுத்திட்டது இந்தக் கடைசி வாசகத்தில்தான்.

மே மாதம் வந்த ஃபார்வர்டு ஜூலைக்குப் பிறகும் சுற்றிக்கொண்டிருந்தது, அதே 5 சதவீதத்தோடு. படித்தவர்கள், கணக்குப் போடத் தெரிந்தவர்கள்கூட அதை நம்பினார்கள். அவர்கள் மேல் குற்றமில்லை. எந்தப் பதிப்பு என்று செய்தியில் யாரும் எழுதவில்லை, அவ்வளவுதான்.

சில நேரம் மசோதாவின் எண் மட்டும் அப்படியே இருக்க, உள்ளே இருப்பதை முழுவதும் எடுத்துவிட்டு வேறொன்றை வைப்பார்கள். கொரோனா காலத்தில் பெரும்பாலான குடும்பங்களின் கணக்கில் பணம் போட்ட கேர்ஸ் சட்டம் ஹெச்.ஆர். 748 என்ற எண்ணில் வந்தது. 2019-இல் அந்த எண்ணில் அறிமுகமானது மருத்துவக் காப்பீட்டு வரி ஒன்றை நீக்கும் மசோதா. அதனால் தலைப்பைப் பார்த்து உள்ளடக்கத்தை ஊகிக்க வேண்டாம். தலைப்பில் "நியாயம்", "பாதுகாப்பு" என்று அழகான சொற்களை வைப்பது மசோதா எழுதியவரின் உரிமை. உள்ளே என்ன இருக்கிறது என்று பார்ப்பது நம் வேலை.

சுருக்கத்தை முதலில் படியுங்கள், ஆனால் அங்கேயே நிற்காதீர்கள்

மசோதா பக்கத்தில் "சம்மரி" என்று ஒரு பகுதி உண்டு. காங்கிரஷனல் ரிசர்ச் சர்வீஸ் என்ற அமைப்பின் ஆட்கள் எழுதுவது. 1914-இல் தொடங்கிய அமைப்பு. காங்கிரஸுக்காக வேலை செய்கிறது, எந்தக் கட்சிக்கும் சாய்வதில்லை. உறுப்பினரின் அலுவலகம் வெளியிடும் "இந்த மசோதா என்ன செய்யும்" என்ற ஒரு பக்கத் தாளையும், ஒரு சங்கம் நன்கொடை கேட்டு அனுப்பும் விளக்கத்தையும்விட இதை நான் பத்து மடங்கு நம்புவேன். அந்த இரண்டு தரப்பும் பொய் சொல்கின்றன என்று சொல்லவில்லை. தங்களுக்குப் பிடித்ததை மேலே போடுவார்கள், பிடிக்காததை விட்டுவிடுவார்கள். ரிசர்ச் சர்வீஸுக்கு அந்தத் தேவை கிடையாது.

படிக்கும்போது சுருக்கத்தின் மேலேயே எந்தப் பதிப்புக்கானது என்று போட்டிருப்பார்கள், அதைப் பாருங்கள். புதிய பதிப்புக்குச் சுருக்கம் வரச் சில வாரங்கள்கூட ஆகும். அந்த இடைவெளியில் நீங்கள் படிப்பது பழைய சுருக்கமாக இருக்கலாம்.

சுருக்கமே புரியவில்லை என்றால் உங்களுக்கு ஆங்கிலம் தெரியவில்லை என்று நினைக்காதீர்கள். 2010-இல் எளிய எழுத்துச் சட்டம் என்று ஒன்று வந்தது. அரசுத் துறைகள் பொதுமக்களுக்கு எழுதும் படிவங்களும் கடிதங்களும் புரியும்படி இருக்க வேண்டும் என்று அது சொல்கிறது. ஆனால் மசோதாக்களுக்கு அது பொருந்தாது. மசோதாவை யாரும் எளிமையாக எழுத வேண்டிய கட்டாயமில்லை. எளிமையாக்கும் வேலை நம் தலையில்தான்.

வாசகத்துக்குள் இறங்குவது

இதுதான் முக்கியமான இடம், இங்கே கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்வோம்.

மசோதாவைத் திறந்ததும் பலர் மூடிவிடுவதற்குக் காரணம், அதில் முழு வாக்கியங்களே இருக்காது. "இந்தச் சொல்லை அடி, அந்தச் சொல்லைச் சேர்" என்று வெறும் கட்டளைகளாக இருக்கும். காரணம், மசோதா பெரும்பாலும் தனியான புத்தகம் கிடையாது. ஏற்கெனவே இருக்கும் சட்டப் புத்தகத்தில் என்ன திருத்தம் செய்ய வேண்டும் என்ற குறிப்புத்தாள். குறிப்புத்தாளை மட்டும் படித்தால் எதுவும் புரியாது. புத்தகத்தையும் பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

புத்தகம் எங்கே? யு.எஸ். கோட் என்ற தொகுப்பில். ஹவுஸின் சட்டத் திருத்த அலுவலகம் அதை இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. மசோதாவில் "8 யு.எஸ்.சி. 1152" என்று இருந்தால், எட்டாவது தலைப்பில் 1152-ஆம் பிரிவு என்று அர்த்தம். எட்டு என்பது குடியேற்றம், 26 என்பது வரி. சில நேரம் ஒரே பிரிவுக்கு இரண்டு எண் இருப்பதைப் பார்த்துக் குழம்பாதீர்கள். குடியேற்றச் சட்டத்தில் 202-ஆம் பிரிவு என்று சொல்வதும் கோடில் 1152 என்று சொல்வதும் ஒன்றேதான்.

இப்போது அந்த ஹெச்.ஆர். 1044-ஐயே எடுத்து மேஜையில் வைப்போம். அதன் மையமான பிரிவு ஐந்தாறு வரிதான். தமிழில் சொன்னால் இப்படி வரும்:

202(ஏ)(2)-இன் தலைப்பில் "மற்றும் வேலைவாய்ப்பு அடிப்படையிலான" என்பதை அடிக்கவும். "203-ஆம் பிரிவின் (ஏ), (பி) உட்பிரிவுகள்" என்பதை அடித்து, "203(ஏ)" என்று சேர்க்கவும். "7" என்பதை அடித்து "15" என்று சேர்க்கவும்.

இதை மட்டும் படித்த பலர், "வேலை வழி கிரீன் கார்டில் இந்தியாவின் பங்கு 7-லிருந்து 15 சதவீதமாகப் போகிறது" என்று எழுதினார்கள். எண் கண்ணில் படும், எழுத்து படாது. பழைய சட்டத்தைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 203-இல் (ஏ) என்பது குடும்ப வழி விசாக்கள், (பி) என்பது வேலை வழி விசாக்கள். இரண்டுக்கும் சேர்த்துத்தான் 7 சதவீத வரம்பு. அங்கிருந்து (பி) என்ற ஓர் எழுத்தை எடுத்துவிட்டால், வேலை வழி விசாக்களுக்கு நாட்டு வரம்பே இல்லாமல் போகிறது. 15 என்பது குடும்ப வழிக்கு மட்டும் மிஞ்சுகிற வரம்பு. பத்து வருடத்துக்கு மேல் வரிசையில் நிற்கும் ஒரு குடும்பத்தின் வாழ்க்கையே அந்த அடைப்புக்குறிக்குள் இருந்த (பி)-யில் இருந்தது.

நான் செய்வது இதுதான். பழைய பிரிவை ஒரு தாளில் பிரிண்ட் எடுப்பேன், வரிகளுக்கு நடுவே நிறைய இடம் விட்டு. மசோதா "அடி" என்று சொல்லும் இடத்தில் பென்சிலால் அடிப்பேன். "சேர்" என்று சொல்வதை மேலே எழுதுவேன். எல்லாம் முடிந்ததும் புதிய வாக்கியத்தை முதலிலிருந்து வாய்விட்டு ஒரு தடவை படிப்பேன். அப்போதுதான் மசோதா பேச ஆரம்பிக்கும். திரையில் பார்த்தே செய்துவிடலாம் என்று தோன்றும். முதல் சில தடவை தாளில் செய்யுங்கள்.

மசோதா கமிட்டியைத் தாண்டி வந்திருந்தால் ஒரு குறுக்கு வழி உண்டு. கமிட்டி எழுதும் ரிப்போர்ட்டில், பழைய சட்டத்திலிருந்து எது நீங்குகிறது, எது சேர்கிறது என்று காட்ட வேண்டும் என்பது சபையின் விதி. ரிப்போர்ட்டின் கடைசிப் பக்கங்களுக்கு நேராகப் போங்கள். நாம் பென்சிலால் செய்த வேலையை அவர்களே அச்சடித்து வைத்திருப்பார்கள்.

சின்னச் சொற்கள், பெரிய வேலை

"ஷல்" (shall) என்று இருந்தால் செய்தே ஆக வேண்டும். "மே" (may) என்று இருந்தால் அதிகாரி விரும்பினால் செய்யலாம். "வேலை அனுமதி வழங்க மே" என்று இருக்கும் ஒரு மசோதாவை "எல்லோருக்கும் வேலை அனுமதி" என்று யாராவது எழுதியிருந்தால், அந்த விளக்கத்தை நம்பாதீர்கள். ஆனால் "மே நாட்" என்று வந்தால் அது தடை. மேலே சொன்ன வரம்பே "7 சதவீதத்தைத் தாண்டக்கூடாது" என்பதை "மே நாட்" என்றுதான் எழுதியிருக்கிறது.

"ஆதரைஸ்டு டு பி அப்ரோப்ரியேட்டட்" என்பது பணம் ஒதுக்கியாயிற்று என்று பொருள்படாது. ஒதுக்கலாம் என்று ஒரு அனுமதி, அவ்வளவுதான். பணம் வரத் தனியாக இன்னொரு மசோதா வேண்டும். "இத்தனை கோடி ஒதுக்கீடு" என்ற தலைப்புச் செய்திகள் நிறைய இந்த இடத்தில்தான் தவறுகின்றன. "சென்ஸ் ஆஃப் காங்கிரஸ்" என்ற பிரிவு காங்கிரஸின் கருத்து, யாரையும் கட்டுப்படுத்தாது. "நாட்வித்ஸ்டாண்டிங்" என்ற சொல்லைக் கண்டால் நின்று படியுங்கள். மற்ற சட்டம் என்ன சொன்னாலும் இது மேலே நிற்கும் என்று பொருள்.

வரையறைப் பிரிவைத் தவிர்க்கவே கூடாது. "பணம் அனுப்புபவர்" என்றால் யார், "குழந்தை" என்றால் எத்தனை வயது வரை என்பதெல்லாம் அங்கேதான் இருக்கும். நாம் வீட்டில் புழங்கும் அர்த்தம் வேறு, மசோதா கொடுக்கும் அர்த்தம் வேறாக இருக்கலாம்.

எல்லாவற்றையும்விட, அமலுக்கு வரும் தேதி. பெரும்பாலும் பிரிவின் கடைசியில் ஒளிந்திருக்கும். அன்று இரவு அக்காவின் பதற்றத்தைத் தணித்தது 5 சதவீதம் சரியா தவறா என்ற விவாதம் கிடையாது, இந்த ஒரு வரிதான்: வரி 2025 டிசம்பர் 31-க்குப் பிறகு அனுப்பும் பணத்துக்கு. அதாவது மசோதா அப்படியே சட்டமானாலும் ஏழு மாதம் இருந்தது. "அப்ப இன்னிக்கு ராத்திரி அனுப்ப வேண்டியதில்லையா?" என்று இரண்டு தடவை கேட்டார். தேதி இருந்த வரியை விரலால் தொட்டுக் காட்டினேன். அப்புறம்தான் தண்ணீர் வாங்கிக் குடித்தார்.

செலவைப் பார்க்க

காங்கிரஷனல் பட்ஜெட் ஆஃபீஸ் என்ற அமைப்பு 1974-இல் வந்த சட்டத்தால் உருவானது. கமிட்டியைத் தாண்டும் மசோதாக்களுக்குச் செலவு மதிப்பீடு எழுதும், வழக்கமாகப் பத்து வருடக் கணக்கில். குடும்பத்துக்கு என்ன மாறும் என்று மட்டும் தேடுபவர்கள் இதை விட்டுவிடலாம். ஆனால் எண்களோடு வரும் ஃபார்வர்டுகளைச் சரிபார்க்க இதைவிட நல்ல இடம் இல்லை. மதிப்பீட்டின் முதல் பக்கத்திலேயே மசோதா என்ன செய்கிறது என்று தெளிவான ஆங்கிலத்தில் நாலு பத்தி இருக்கும்.

மற்றவர்களுக்குத் தமிழில் சொல்ல

படித்ததை உங்களோடு வைத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் குழுவில் ஆங்கிலச் சட்ட நடை வாசிக்க முடியாத பெரியவர்கள் இருப்பார்கள். அவர்கள்தான் அதிகம் பயப்படுகிறார்கள். ஆனால் எழுதும்போது கட்டுப்பாடு வேண்டும். "வரலாம்", "வரும்", "வந்துவிட்டது" என்ற மூன்றையும் கலக்கக்கூடாது. மசோதா என்றால் "நிறைவேறினால்" என்ற சொல் ஒவ்வொரு முறையும் இருக்க வேண்டும். உங்கள் கருத்தை எழுத விரும்பினால் தனிச் செய்தியாக எழுதுங்கள். விளக்கத்துக்குள் கலக்க வேண்டாம்.

மே மாதக் கடைசியில் நான் குழுவில் போட்ட செய்தி கிட்டத்தட்ட இப்படி இருந்தது:

"ஹெச்.ஆர். 1, 119-ஆவது காங்கிரஸ். ஹவுஸ் மே 22 அன்று நிறைவேற்றியது. செனட் இன்னும் எடுக்கவில்லை, அங்கே மாறலாம். நான் படித்தது ஹவுஸ் நிறைவேற்றிய பதிப்பு. இப்போது உள்ள நிலை: வெளிநாட்டுக்குப் பணம் அனுப்ப ஃபெடரல் வரி இல்லை. இது நிறைவேறினால்: குடியுரிமை இல்லாதவர்கள் அனுப்பும் தொகையில் 3.5 சதவீதம். எப்போதிருந்து: 2025 டிசம்பர் 31-க்குப் பிறகு. இன்றைக்கு யாரும் எதுவும் செய்ய வேண்டியதில்லை. செனட் பதிப்பு வந்ததும் எழுதுகிறேன்."

ஏழெட்டு வரி போதும். எண், கட்டம், பதிப்பு, இன்றைய நிலை, மாறினால் என்ன, எப்போதிருந்து. பழைய செய்தி தவறாகிவிட்டால், முடிந்தால் அதை அழித்துவிட்டுப் புதியதைப் போடுங்கள். இல்லையென்றால் பழையதுதான் சுற்றும். உங்கள் சொந்த விசா நிலையைப் பொறுத்து முடிவெடுக்க வேண்டிய விஷயம் என்றால், இந்தப் படிப்பு வக்கீலிடம் சரியான கேள்வி கேட்க உதவும், வக்கீலுக்குப் பதிலாகாது.

ஒரு மசோதாவைத் தொடர்ந்து கவனிக்க வேண்டுமானால் காங்கிரஸ் டாட் கவ்-இல் இலவசக் கணக்கு தொடங்கி, மசோதா பக்கத்தில் உள்ள அலர்ட் பட்டனை அழுத்துங்கள். ஏதாவது அசைந்தால் மின்னஞ்சல் வரும். வாட்ஸ்அப்புக்கு முன்னால் உங்களுக்குத் தெரிந்துவிடும்.

படித்த பிறகு பேசவும் செய்யலாம்

நம்மில் பலர் ஓட்டுரிமை இல்லாததால் பேசக்கூடாது என்று நினைக்கிறார்கள். அப்படி ஒரு விதியும் இல்லை. உங்கள் தொகுதியில் வசிக்கிறீர்கள் என்றால் உங்கள் ஹவுஸ் உறுப்பினரின் அலுவலகத்துக்கும், உங்கள் மாநிலத்தின் இரண்டு செனட்டர்களுக்கும் போன் செய்யலாம். கேப்பிடலின் பொது எண் 202-224-3121. யாரிடம் பேச வேண்டும் என்று சொன்னால் இணைப்பார்கள். எடுப்பது பெரும்பாலும் இருபது வயதுப் பையனோ பெண்ணோ, பொறுமையாகத்தான் கேட்பார்கள். "எஸ். இத்தனை என்ற மசோதா, இத்தனையாவது பிரிவு, அது என் குடும்பத்தை இப்படிப் பாதிக்கும்" என்று ஒரு நிமிடத்தில் சொல்லுங்கள். பெயரும் ஜிப் கோடும் கேட்டுக் குறித்துக்கொள்வார்கள். அக்கா ஜூன் மாதம் போன் செய்தார். பேசுவதைத் தமிழில் ஒரு தாளில் எழுதி, என்னிடம் ஆங்கிலத்தில் மாற்றித் தரச் சொல்லி, மூன்று தடவை வாசித்துப் பார்த்துவிட்டு, சமையலறையில் நின்றபடி பேசினார்.